மவுஸால் போட்ட ரோடு: உகாண்டா நாட்குறிப்பு

பிப்ரவரி 18, 2024, ஞாயிறு. எண்டெபே

மும்பையிலிருந்து எண்டெபேக்கு இப்போது நேராகவே விமானம் இருக்கிறது. இறங்கியதும் பாஸ்போர்ட்டுக்கு முன்னால் மஞ்சள் காய்ச்சல் ஊசி அட்டையைக் கேட்டார்கள். அதற்காகக் கோவையிலிருந்து சென்னை போய், கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் வரிசையில் நின்றவன் நான். அவ்வளவு பத்திரமாக வாங்கிய அட்டையை அதைவிடப் பத்திரமாகப் பெரிய பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, பெட்டியை விமானத்தின் வயிற்றுக்குள் அனுப்பியிருந்தேன்.

"மேடம், அட்டை பெட்டியில்..." என்று ஆரம்பித்தேன். மேசைக்குப் பின்னாலிருந்த பெண்மணி, "எப்படி இருக்கிறீர்கள்?" என்றார். "அட்டை பெட்டியில் மாட்டிக்கொண்டது" என்றேன். "எப்படி இருக்கிறீர்கள்?" மறுபடியும் அதே சிரிப்பு. மூன்றாவது முறைதான் எனக்கு உறைத்தது. நன்றாக இருக்கிறேன், நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டு முடித்த பிறகே என் பிரச்சினையைக் காது கொடுத்துக் கேட்டார். ஒரு பையனைத் துணைக்கு அனுப்பிப் பெட்டியை எடுத்துவரச் செய்தார். நலம் விசாரிக்காமல் இந்த ஊரில் எந்தப் பேச்சையும் தொடங்கக் கூடாது போல.

வந்த காரணம் இரண்டு. அக்கா வீட்டுக்காரர் கம்பாலாவில் ஒரு கம்பெனியில் கணக்காளர். மூன்று வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். இன்னொரு காரணத்தை வீட்டில் சொல்லவில்லை. பகலில் நான் சம்பளத்துக்குச் செய்வது நகராட்சி வீட்டுவரிக்கான வரைபட வேலை. இரவில் சம்பளமே இல்லாமல் காங்கோ வரைகிறேன். இத்தாலியில் பிரிண்டிசி என்ற ஊரில் ஐநாவின் சேவை மையம் ஒன்று இருக்கிறது. அங்கிருந்து நடக்கும் 'யூஎன் மேப்பர்ஸ்' என்ற தன்னார்வலர் குழுவில் இரண்டு வருடமாக இருக்கிறேன். அமைதிப்படை வேலை செய்யும் நாடுகளில் நல்ல வரைபடம் இல்லாத இடங்களின் செயற்கைக்கோள் படத்தைத் திரையில் போட்டு, கூரைகளையும் பாதைகளையும் மவுஸால் கோடு போட்டு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடத்தில் ஏற்றுவோம். கிழக்குக் காங்கோவில் ருட்சுரு, கிவாஞ்சா பக்கம் எத்தனை தகரக் கூரைகளை வரைந்தேன் என்று கணக்கே இல்லை. அந்த ஊர்கள் உகாண்டா எல்லைக்கு அந்தப் பக்கம்தான். போக முடியாது, எம்23 என்ற கிளர்ச்சிப் படை பிடித்து வைத்திருக்கிறது. எல்லை வரைக்குமாவது போகலாமே என்று ஒரு ஆசை.

இரவு விடுதியில் திலாப்பியா மீன். முழு மீனைப் பொரித்து, தலையோடு தட்டில் வைத்தார்கள். 30,000 ஷில்லிங், நம் காசுக்கு ஏறக்குறைய 650 ரூபாய். பக்கத்து மேசையிலிருந்து ஒரு குரல்: "தம்பிக்குக் கோயமுத்தூரா?" அக்காவோடு ஃபோனில் பேசியதைக் கேட்டிருக்கிறார். வேலூர்ப் பக்கத்துக்காரர், ராணுவத்தில் சிக்னல்ஸ் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது இங்கே ஒப்பந்த வேலை. ஞாயிறானால் மீனுக்கு இங்கே வந்துவிடுவாராம். 2009இலும் 2013இலும் ஐநா அமைதிப்படையில் இருந்த இந்தியப் படையோடு, கிழக்குக் காங்கோவின் கோமா நகரத்தில் இருந்திருக்கிறார்.

நான் என் வரைபடப் பெருமையை அவிழ்த்துவிட்டேன். அவர் முள்ளை எடுத்துக்கொண்டே கேட்டார்.

"ஊர்ப் பேரை எப்படி எழுதறீங்க?"

பழைய பிரெஞ்சு வரைபடத்தில் உள்ளபடி, என்றேன்.

"அதாங்க சிக்கலே. ஒரே ஊருக்கு பெல்ஜியம்காரன் ஒரு எழுத்துல எழுதுவான், ஊர்க்காரன் ஒரு பேர் சொல்லுவான், நம்ம பசங்க காதுல விழுந்ததை எழுதுவாங்க. மூணு வாரத்துல மூணு தடவை ஒரே ஊர்ல மாடு திருடு போச்சுன்னா அது திருட்டு இல்ல தம்பி. அடுத்து வெட்டுக்குத்து வரப்போகுதுன்னு அர்த்தம். மூணு பேர்ல எழுதி வெச்சா? மூணு ஊர்ல ஒவ்வொரு திருட்டு. யாரும் தலையைத் தூக்கிப் பார்க்க மாட்டான்."

அப்போதெல்லாம் நோட்டுப் புத்தகமாம். ஒரு படைப்பிரிவு ஆறு மாதமோ ஒரு வருடமோ இருக்கும், அப்புறம் அடுத்தது வரும். "போகும்போது நோட்டைக் குடுத்துட்டுப் போவோம். வர்றவன் படிக்கணுமே? புதுசா வந்தவனுக்கு எல்லா மலையும் ஒரே மலைதான்." பின்னால் ஐநா, சேஜ் என்ற மென்பொருளைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு சம்பவத்தையும் தேதி, இடம், வகை போட்டுப் பதிவு செய்தால் அது வரைபடத்தில் புள்ளியாக உட்காரும், ஆள் மாறினாலும் அழியாது. நல்லதுதானே அண்ணே என்றேன். "நல்லதுதான். ஆனா வகைன்னு ஒரு பட்டியல் தொங்கும் பாருங்க, அதுல நாம சொல்ல வந்தது மட்டும் இருக்காது" என்று சிரித்தார்.

மீனுக்கு அவரே பணம் கொடுத்துவிட்டார். என்னால் தடுக்க முடியவில்லை.

பிப்ரவரி 19, திங்கள். எண்டெபே, கம்பாலா

காலையில் ஏரிக்கரை. விக்டோரியா ஏரியை ஏரி என்று சொல்ல மனம் வரவில்லை, மறுகரை தெரியவில்லை. ஓட்டல் குப்பைத் தொட்டிமேல் ஆள் உயரத்துக்கு ஒரு மொட்டைத்தலைப் பெருநாரை நின்றுகொண்டு, நான் கடன்பட்டவன் போல முறைத்தது.

விமான நிலையத்தை ஒட்டியே ஐநா வளாகம். வேலிக்கு அந்தப் பக்கம் வெள்ளை ஹெலிகாப்டர்கள், வெள்ளை வண்டிகள். ஆப்பிரிக்காவில் இருக்கும் பல பணிகளுக்குச் சம்பளக் கணக்கு, பயணக் கணக்கு எல்லாம் இங்கிருந்துதான். தகவல் தொடர்புப் படையினருக்கான பயிற்சிக் கழகமும் உள்ளேதான். உள்ளே விட மாட்டார்கள், நானும் கேட்கவில்லை. வாசலில் ரோலெக்ஸ் சாப்பிட்டேன். கடிகாரம் இல்லை. முட்டையும் தக்காளியும் முட்டைகோஸும் போட்டு ஆம்லெட் ஊற்றி, சப்பாத்தியில் வைத்துச் சுருட்டித் தருவார்கள். 3,000 ஷில்லிங். சப்பாத்தி நம் ஊர்க்காரர்கள் ரயில்பாதை போட வந்தபோது கொண்டுவந்தது. கொஞ்சம் மைதா, நிறைய எண்ணெய். பரோட்டாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லலாம்.

டாக்சியில் வானொலி ஓடிக்கொண்டே வந்தது. லுகாண்டா மொழியில் யாரோ தொலைபேசியில் அழைத்துப் பொரிந்து தள்ளுகிறார்கள். கம்பாலாவில் ஐநாவின் ஆய்வகம் ஒன்று, இந்த மாதிரி வானொலிப் பேச்சை எழுத்தாக மாற்றி, மக்கள் எதற்குப் புலம்புகிறார்கள் என்று தேடும் மென்பொருளைச் செய்தது. லுகாண்டா, அச்சோலி, உகாண்டா ஆங்கிலம் மூன்றும் அதற்குப் புரியும். ஓட்டுநரிடம் சொன்னேன். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "அந்த மெஷின் பாவம். இந்த ஆள் இப்போது அரை மணி நேரமாக ஆர்சனலைத் திட்டுகிறான்."

இரவு அக்கா வீட்டில் ரசமும் உருளைக்கிழங்கு வறுவலும். மாமாவிடம் எல்லைப் பயணத்தைச் சொல்லியே ஆகவேண்டியிருந்தது. 2021 ஆகஸ்டில் ஐநா பாதுகாப்பு மன்றத்துக்கு இந்தியா தலைமை தாங்கிய மாதத்தில், அமைதிப்படைக்கான 'யுனைட் அவேர்' என்ற மென்பொருளுக்கு நம் அரசு 16 லட்சத்து 40 ஆயிரம் டாலர் கொடுத்த கதையையும் அவிழ்த்தேன். கேமரா, ட்ரோன், ஆட்கள் அனுப்பும் தகவல் எல்லாம் ஒரே திரையில் வர வேண்டும் என்பது யோசனை. மாமா கணக்காளர் பாருங்கள், "அந்தத் திரையை யாரு மாப்ளே பார்ப்பாங்க? பார்த்துட்டு யாரைக் கூப்பிடுவாங்க?" என்றார். அப்போது எனக்கு எரிச்சலாக இருந்தது.

பிப்ரவரி 21, புதன். கிசோரோ போகும் பேருந்து

கம்பாலாவிலிருந்து எல்லைப் பக்கத்து ஊரான கிசோரோ கிட்டத்தட்ட 480 கிலோமீட்டர். பேருந்துக் கட்டணம் 60,000 ஷில்லிங். "காலை ஆறு மணிக்குச் சரியாகக் கிளம்பும்" என்றார்கள். எட்டேகாலுக்குக் கிளம்பியது. இடம் நிரம்பினால்தான் நேரம் வரும்.

கயாப்வேயில் பூமத்திய ரேகை. சாலையோரம் வெள்ளை வளையம், அதற்குள் நின்று படமெடுக்கும் கூட்டம். பேருந்து நிற்கக்கூட இல்லை. ஒரு நொடியில் தென் அரைக்கோளத்துக்கு வந்துவிட்டேன். லுகாயாவில் நின்றது. வெள்ளைக் கோட்டு போட்ட வியாபாரிகள் ஓடிவந்து, குச்சியில் குத்திய சுட்ட கோழிக்கால்களை ஜன்னல் வழியாக மூக்குக்கே நீட்டினார்கள். சுட்ட நேந்திரம்போல ஒன்று, 'கொஞ்சா' என்கிறார்கள், ஆயிரம் ஷில்லிங். உள்ளே மெத்தென்று இனித்தது. இந்தப் பயணத்தில் சாப்பிட்டதிலேயே அதற்குத்தான் முதலிடம்.

படிக்கக் கிடைத்ததோ வேறு மாதிரி. இந்த மாதத் தொடக்கத்தில் காங்கோவில் ஐநா கண்காணிப்பு ட்ரோன்மீது தரையிலிருந்து ஏவுகணை விட்டிருக்கிறார்கள், அது படவில்லை என்று ஐநாவின் உள் ஆவணத்தை வைத்து ஏஎஃப்பி செய்தி நிறுவனம் எழுதியிருந்தது. ஐநா அமைதிப்படை தனக்கென்று ட்ரோன் வைத்துக்கொண்டதே காங்கோவில்தான், கோமா நகரத்தில், 2013 டிசம்பரில். வேலூர் அண்ணன் அப்போது அங்கே இருந்திருக்கிறார். அடுத்த மே மாதம் அந்த ஊரை ஒட்டிய கிவு ஏரியில் படகு ஒன்று மூழ்குவதை அந்த ட்ரோன்தான் பார்த்துச் சொன்னது. படையின் படகுகள் போய் ஆட்களைத் தூக்கிவந்தன. "அன்னிக்கு எல்லாருக்கும் அதுமேல மரியாதை வந்துச்சு. ஆனா காட்டுக்கு மேல பறக்கும்போது கீழ நடக்கறவன் தோள்ல இருக்கறது மண்வெட்டியா துப்பாக்கியான்னு அதுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டிருந்தார்.

ம்பராரா தாண்டி பெல்ட் அறுந்தது. இரண்டரை மணி நேரம். யாரும் நடத்துநரைத் திட்டவில்லை. நம் ஊராக இருந்தால் இந்நேரம் ஒருவர் தலைவர் ஆகியிருப்பார். ஒரு பாட்டி என்னிடம் "ஸாரி" என்றார். நீங்கள் என்ன செய்தீர்கள் பாட்டி என்று கேட்கத் தோன்றியது. இங்கே யார் தடுக்கி விழுந்தாலும் பார்த்தவர் ஸாரி சொல்கிறார். குற்றத்தை ஏற்பது இல்லை, கூடவே இருக்கிறேன் என்று சொல்வது.

கபாலேக்கு மேல் இருட்டு, மூங்கில் காடு, பனிமூட்டம். கிசோரோ வந்து சேர்ந்தபோது இரவு மணி பதினொன்று நாற்பது. விடுதிக் கதவைத் தட்டி எழுப்பினேன். வெந்நீர் இல்லை, தண்ணீரும் இல்லை, மூன்று கம்பளி இருந்தது. போதும்.

பிப்ரவரி 22, வியாழன். கிசோரோ

காலையில் திரையை விலக்கினால் ஜன்னல் முழுக்க முஹாபுரா எரிமலை. 4,127 மீட்டர். தொட்டபெட்டாவின் மேல் ஆனைமுடியில் பாதிக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தூக்கி வைத்த உயரம். செயற்கைக்கோள் படத்தில் இது எனக்கு ஒரு கரும்பச்சை வட்டம் மட்டுமே.

சந்தையில் உருளைக்கிழங்கு மலைமலையாக. மதியத்துக்கு மேல் மழை கொட்டியது. மாலை வரை ஒரு தகரக் கூரைக்குக் கீழே இருபது பேரோடு நின்றேன். பேச முடியவில்லை, அவ்வளவு சத்தம். தகரக் கூரையை எனக்குப் பிடிக்கும், மேலிருந்து பார்த்தால் பளபளவென்று தெரியும், வரைவது சுலபம். புல் வேய்ந்த வீடுகள் மண்ணோடு மண்ணாகி விடும். அதாவது ஏழை வீடுகள்தான் என் வரைபடத்தில் விடுபட்டுப் போயிருக்கும். இரண்டு வருடத்தில் இது ஏன் தோன்றவில்லை என்று தெரியவில்லை.

பிப்ரவரி 23, வெள்ளி. புனகானா சாலை

விடுதிக்காரர் ஏற்பாடு செய்த போடாபோடா, அதாவது பைக் டாக்சி. போகவர 20,000. ஓட்டிய பையனுக்கு இருபத்திரண்டு வயதிருக்கும், ஆங்கிலம், ஸ்வாஹிலி, ருஃபும்பிரா மூன்றும் வாயில் துள்ளும். புனகானா என்ற எல்லை ஊருக்குச் சற்று முன்னால் நிறுத்தச் சொன்னேன். எதிரே மேடு, மேட்டில் வீடுகள். இந்தப் பக்கம் இருந்த அதே தகரம், அதே வாழை. தலையில் மூட்டையோடு பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள்.

நான் ஃபோனை எடுத்து வரைபடத்தைத் திறந்தேன். எதிரில் இருக்கும் சாலையும் திரையில் இருக்கும் கோடும் ஒரே மாதிரி வளைகிறதா என்று பார்க்கத்தான். வளைந்தது. அந்தச் சந்தோஷத்தில் தலை நிமிர்ந்தால் துப்பாக்கியோடு ஒரு சீருடைக்காரர். ஃபோனை வாங்கிப் பார்த்தார். இது என்ன? வரைபடம். யார் போட்டது? எந்தப் புத்திசாலியும் சொல்லக்கூடாத பதிலைச் சொன்னேன்: "நான்தான்."

அடுத்த இருபது நிமிடம் நான் வாயைத் திறக்கவில்லை. போடா பையன் பேசினான், சிரித்தான், என்னைக் காட்டித் தலையில் தட்டிக்கொண்டான். ஃபோன் திரும்பி வந்தது. அவசரமாகப் பைக்கில் ஏறியதில் சட்டை, கம்பியில் மாட்டித் தோளிலிருந்து முழங்கை வரை கிழிந்தது. பாதி வழி வந்ததும், "என்னவென்று சொன்னாய்?" என்று கேட்டேன். "உங்களுக்கு மூளை கொஞ்சம் சரியில்லை, கொரில்லா பார்க்க வந்தீர்கள் என்று சொன்னேன்." இரண்டில் ஒன்று உண்மைதான்.

பிப்ரவரி 24, சனி. கிசோரோ

சட்டையைத் தைக்கச் சந்தைக்குப் பின்னால் ஒரு தையல்காரப் பெண்ணிடம் கூட்டிப்போனான் அதே பையன். கால் மிதி இயந்திரம், மேலே ஒரு குடை. 2,000 ஷில்லிங். எந்த ஊர் என்று கேட்டதற்கு, கிவாஞ்சா என்றார்.

பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், போடவில்லை. ஒன்றரை வருடமாக இந்தப் பக்கம் இருக்கிறாராம்.

கிவாஞ்சா என்றதும் எனக்கு வீடுகள் மட்டும் நினைவுக்கு வரவில்லை. 2008 நவம்பர் 4, 5 தேதிகளில் அந்த ஊரில் குறைந்தது 150 பேரைக் கொன்றார்கள். ஒரு மைல்கூட இல்லாத தூரத்தில் ஐநா முகாம். முகாமில் இருந்தவர்கள் இந்திய வீரர்கள், சுமார் 120 பேர். ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பின் அறிக்கையில் இருக்கிறது. ஊர் மொழி தெரிந்தவர் இல்லை, என்ன நடக்கிறது என்று சொல்ல ஆள் இல்லை. வேலூர் அண்ணன் அடுத்த வருடம் போனபோது முகாமில் அதைப்பற்றித்தான் எல்லோரும் பேசுவார்களாம், தணிந்த குரலில். அதற்குப் பிறகுதான் உள்ளூர்க்காரர்களை வேலைக்கு எடுத்து, முகாமுக்கும் கிராமத்துக்கும் நடுவில் தொடர்பாளர்களாக வைத்தார்கள். ஊருக்குச் சிலரிடம் ஃபோன் கொடுத்து, ஆபத்தென்றால் கூப்பிடச் சொன்னார்கள்.

ஃபோனில் கிவாஞ்சாவைத் திறந்து அவரிடம் காட்டினேன். நான் ஸ்வாஹிலியில் பூஜ்யம். அவர் சொல்ல, பையன் ஆங்கிலத்தில் சொல்ல, நான் தமிழில் எழுதிக்கொள்ள, வார்த்தைகள் மூன்று கை மாறின. விரலால் பெரிதாக்கினார். நேரமெடுத்துப் பார்த்தார். ஒரு பெரிய கூரையைத் தொட்டு, இது வீடு இல்லை, கோயில் என்றார். தேவாலயம். வடக்கே நான் போட்ட ஒரு சாலையில் விரலை வைத்துச் சிரித்துவிட்டார். பையனும் சிரித்தான். "அது ரோடு இல்லையாம். மழை பெய்தால் தண்ணீர் ஓடும் பள்ளம். வெயிலில் ஆடு நடக்கும்."

அந்த ரோட்டை நான் வரைந்த இரவு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மரங்களுக்கு நடுவே வெளிறிய ஒரு கோடு, இரண்டு கிலோமீட்டர், கண் வலிக்க வரைந்தேன். யாரோ ஒரு சிப்பாய் இரவில் வண்டியை அந்தக் கோட்டில் திருப்பியிருந்தால்?

அப்புறம் அவர் கேட்டார்: இதை யாரெல்லாம் பார்க்கலாம்?

எல்லோரும் பார்க்கலாம், இலவசம் என்று பெருமையாகச் சொல்ல வாயெடுத்தேன். பாதியில் நின்றுவிட்டது. பையன் என் முகத்தைப் பார்த்துவிட்டு அவனே பதில் சொல்லிக்கொண்டான். அவர் ஊசியில் நூல் கோத்தார்.

ஐநாக்காரர்கள் ஊரில் ஃபோன் கொடுத்த கதையைப் பற்றிக் கேட்டேன். ஆமாம், அவர் தெருவிலும் ஒருவரிடம் இருந்தது. நம்பரும் இருந்தது. "கூப்பிட்டால் எடுப்பார்கள். எங்கே, எத்தனை பேர், என்ன ஆயுதம் என்று கேட்பார்கள். எழுதிக்கொள்வார்கள். சில நாள் வருவார்கள்." சில நாள் என்ற இடத்தில் பையன் தயங்கி, மறுபடி கேட்டு உறுதி செய்துகொண்டான். வேறு ஓர் ஊரின் பெயர் எனக்கு நினைவுக்கு வந்தது. காங்கோவின் தெற்குக் கிவு மாகாணத்தில் முத்தாருலே. 2014 ஜூன் 6 இரவு முப்பது பேருக்கு மேல் செத்தார்கள். ஒன்பது கிலோமீட்டரில் ஐநா முகாம். அன்றைக்குத் தகவல் போகாமல் இல்லை, போயிருந்தது. ட்ரோன் வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது.

மாமா திங்கட்கிழமை கேட்ட கேள்வியைத்தான் இந்தம்மாவும் வேறு வார்த்தையில் சொல்கிறார். எனக்கு அன்று வந்த எரிச்சல் இன்று வரவில்லை. வரைய ஆரம்பித்தபோது நான் நினைத்தது இதுதான்: ஊர் எங்கே என்று தெரிந்தால் போய்விடுவார்கள். எங்கே என்று தெரியாததுதான் குறை.

சட்டையில் தையல் வெளியே தெரியவே இல்லை. 5,000 கொடுத்தேன். மீதி 3,000த்தை எண்ணித் திருப்பித் தந்தார்.

பிப்ரவரி 26, திங்கள். கம்பாலா

திரும்பும் பேருந்து ஏழரைக்குக் கிளம்பியது, பெல்ட் அறுபடவில்லை, எழுத ஒன்றும் இல்லை. கொஞ்சா மட்டும் மறுபடி இரண்டு வாங்கினேன்.

இரவு அக்கா தூங்கிய பிறகு மடிக்கணினியைத் திறந்தேன். முதலில் கோயிலைக் கோயிலாக்கினேன். அந்த ரோட்டைத் தேர்ந்தெடுத்து, சாலை என்பதை அழித்து, மழைக்கால நீரோடை என்று மாற்றினேன். சேமிக்கும்போது ஒரு கட்டம் வரும்: இந்தத் தகவல் எங்கிருந்து கிடைத்தது? இரண்டு வருடமாக அதில் 'செயற்கைக்கோள் படம்' என்றே தட்டிக்கொண்டிருந்தேன், யோசித்ததே இல்லை. இன்றைக்கு அந்தக் கட்டத்தில் கை நின்றது. பெயர் போடக் கூடாது. கிசோரோ என்றும் போடக் கூடாது. தையல்காரர் என்று போட்டால் அதைவைத்தே கண்டுபிடிக்கலாம்.

'உள்ளூர் அறிவு' என்று பட்டியலில் ஒன்று இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்தேன். மின்சாரம் போய்விட்டது. நாளைக்கு ஏற்ற வேண்டும்.